கற்காலம் கண்ட ராபர்ட் புரூஸ் பூட் துரை

கீர்த்தி பெற்றோருள் சிலர் தாம் கட்டிய கோயிலாலும், சிலர் தாம் பாடிய பாடலாலும், சிலர் தாம் வென்ற போராலும் தம் பெயரை நிலைநாட்டினர். ஒரு சரளைக் குழியின் ஓரத்தில் குனிந்து ஒரு கல்லைக் கையிலெடுத்தமையால் பெயர் நிலைநாட்டியவர் ஒருவர் உண்டு. அவர் அரசரல்லர், புலவரல்லர், நம் தேசத்தில் பிறந்தவருமல்லர். எனினும் நம் தேசத்தின் சரித்திரம் எங்கே தொடங்குகிறதென்னும் வினாவிற்கு முதன்முதல் விடை தேடித் தந்தவர் அவரே. அவர்தாம் ராபர்ட் புரூஸ் பூட் துரையவர்கள். நம் சங்கத்து அங்கத்தினர் பலர் சென்னைக்குச் செல்லும்பொழுது எழும்பூர்ப் பொருட்காட்சிச் சாலையைக் கண்டு திரும்புவது வழக்கம். அங்கே செப்புத் திருமேனிகளைக் கண்டு கைகூப்பும் நம்மவர், கற்கருவிகள் வைத்த பெட்டிகளை ஏறிட்டும் பாராது கடந்து போவர். அப்பெட்டிகளில் உள்ளவற்றின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

பூட் துரையவர்கள் 1834-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22-ஆம் தேதி இங்கிலாந்து தேசத்துச் செல்டன்ஹாம் என்னும் ஊரில் பிறந்தார். 1858-ஆம் ஆண்டின் இறுதியில், தமது இருபத்துநான்காம் பிராயத்தில், இந்திய பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவில் உத்தியோகம் ஏற்றுச் சென்னை வந்து சேர்ந்தார். அவ்விலாகா 1851-இல் தாமஸ் ஓல்டாம் என்பவரைத் தலைவராகக் கொண்டு ஏற்படுத்தப்பட்டது. நிலக்கரி எங்கே கிடைக்கும், இரும்பு எங்கே கிடைக்கும் என்றறிந்து சர்க்காருக்கு அறிவிப்பதே அதன் முதல் வேலை. பழங்கால மனிதரைத் தேடுவதற்கென்று எவரும் அவருக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. இதனை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறோம். அவர் செய்த பெருங்காரியமெல்லாம் உத்தியோகத்திற்கு இடையிடையே, தமது ஊக்கத்தால் செய்தவையே.

பூகர்ப்ப ஆராய்ச்சிக்காரரின் வாழ்க்கை சுகவாழ்க்கையன்று. மழையும் வெயிலும் தணிந்த மாதங்களில் கூடாரமும் மாட்டுவண்டியும் கொண்டு ஊரூராய்ச் சென்று, கையில் சுத்தியலோடு பாறைகளைத் தட்டிப் பார்த்து, ஓடைகள் வெட்டிய கரைகளில் மண்ணடுக்குகளை அளந்து, எந்தப் பாறை எவ்வளவு தூரம் பரவியிருக்கிறதென்பதைப் படத்திலே குறித்து வருவர். பின்னர்க் காரியாலயத்தில் அமர்ந்து அறிக்கை எழுதுவர். இவ்வகையாக முப்பத்துமூன்று ஆண்டுகள் தென்னாட்டின் பெரும்பகுதியைத் துரையவர்கள் சுற்றினார். கீழே பார்த்து நடக்கும் பழக்கமே அவர்க்குப் பெரும்பேறாயிற்று.

அவர் இந்தியாவிற்கு வந்த காலத்தில் ஐரோப்பாவிலே ஒரு பெரும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. உலகம் படைக்கப்பட்டு ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின என்று கிறிஸ்தவ வேதத்தைக் கொண்டு கணக்கிட்டவர் அக்காலத்தில் அநேகர். பிரான்சு தேசத்தில் சோம் நதிக்கரையில் பூஷே தெ பெர்த் என்பவர், மறைந்துபோன யானைகளின் எலும்புகளோடு சக்கிமுக்கிக் கற்கருவிகளும் ஒரே மண்ணடுக்கில் கிடக்கக் கண்டு, மனிதன் அவ்விலங்குகளின் காலத்தவன் என்று பல்லாண்டுகளாகச் சொல்லிவந்தார், நம்புவார் அரியர். 1859-இல் பிரெஸ்ட்விச், இவான்ஸ் என்னும் இரு ஆங்கிலேய அறிஞர் நேரிற்சென்று பார்த்து, அவர் கூறியது மெய்யே என்று ஒப்பினர். 1863-இல் லையல் என்னும் பேரறிஞர் மனிதனது தொன்மையைக் குறித்து ஒரு நூல் வெளியிட்டார். இச்செய்திகளைச் சென்னையிலிருந்து படித்துவந்த பூட் துரைக்கு, ஐரோப்பாவில் உண்டெனின் இந்நாட்டில் ஏன் இருத்தல் கூடாது என்னும் எண்ணம் வேரூன்றியது.

1863-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் தேதி. அக்கினி நட்சத்திரம் கழிந்தும் கழியாத காலம். சென்னைக்குத் தெற்கே பல்லாவரத்தில் அக்காலத்தில் பட்டாளம் தங்கும் இடம் ஒன்றிருந்தது. அதன் அருகே செம்பூராங்கற் சரளைக்காக ஒரு சிறு குழி வெட்டப்பட்டிருந்தது. வெட்டி வெளியே எறிந்த சரளைக் குவியலினிடையே ஒரு கல்லைத் துரையவர்கள் கண்டார். அது குவார்ட்ஸைட் என்னும் மிகக் கடிய பாறையாலாயது. இருபுறமும் சில்லுகள் பெயர்க்கப்பெற்று, வாதுமைக்கொட்டையின் வடிவாய், கைக்குள் அடங்கத்தக்கதாய் இருந்தது. பழைய கற்காலத்துக் கைக்கோடரி அது. பாரத நாட்டில் இன்னதென்று அறிந்து எடுக்கப்பட்ட முதற் பழைய கற்காலக் கருவி அதுவே.

ஈண்டு ஒன்று கூறவேண்டும். இக்காலத்தில் ஒரு பானையோடு கிடைத்தால் மறுநாளே உலகத்தின் முதல் நாகரிகம் இதுவென்று பறையறைவாரைக் காண்கிறோம். துரையவர்கள் அவ்வாறு செய்தாரல்லர். கண்டதோ ஒரே கல். அதுவும் குழியிலிருந்து வெளியே எறியப்பட்டுக் கிடந்தது. மண்ணடுக்கினுள் பதிந்திருக்கக் கண்டதன்று. பிற்காலத்தில் எவரோ போட்டுப் போனதென்று ஒருவர் மறுத்தால் விடை சொல்ல இயலாது. ஆதலின் மேலும் சான்று தேடலானார். அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் தேதி, தம்முடன் உத்தியோகம் வகித்த வில்லியம் கிங் என்பவரோடு, சென்னைக்கு வடமேற்கே கொற்றலையாற்றின் பக்கத்துள்ள அத்திரம்பாக்கம் என்னும் கிராமத்தை அடைந்தார். அவ்வூர் ஓடை அறுத்த கரைகளிலும் சரளை அடுக்குகளிலும் ஒன்றன்று, இரண்டன்று, பல கருவிகள் கிடைத்தன. பல்லாவரத்தில் எழுந்த ஐயம் அத்திரம்பாக்கத்தில் தீர்ந்தது.

கல் தானே உடைந்ததா, மனிதன் உடைத்ததா என்று பிரித்தறிவது எவ்வாறென வாசகர் கேட்கலாம். ஆற்றில் உருண்ட கல் தாறுமாறாக உடையும். அதன் முனைகள் மழுங்கும். மனிதன் செய்த கருவியிலோ சில்லுகள் விளிம்பைச் சுற்றி வரிசையாக, முதலில் ஒருபுறமும் பின்னர் மறுபுறமுமாகப் பெயர்க்கப்பட்டிருக்கும். அதே வடிவம் ஓரிடத்தில் பத்தும் இருபதும் கிடைக்கும். வெள்ளத்திற்கு அத்தகைய நோக்கமில்லை. இதனைத் துரையவர்கள் கருவி கருவியாக எடுத்துக் காட்டினார். 1866-இல் சென்னை இலக்கிய சாஸ்திர சஞ்சிகையில் சென்னை, வடஆற்காடு ஜில்லாக்களின் கற்கருவிகளைப் பற்றிய அவரது விரிவான கட்டுரை, கிங் துரையின் அநுபந்தத்தோடு வெளிவந்தது. 1868-இல் இங்கிலாந்தில் நார்விச் நகரத்தில் கூடிய சர்வதேசப் புராதன ஆராய்ச்சி மகாசபையில் அக்கருவிகளைப் பற்றிப் பேசி, தென்னிந்தியாவின் பழமையை உலகத்தார் அறியச் செய்தார்.

கல்லைப் பொறுக்கியவர் பலருண்டு; கல்லைக் கொண்டு சிந்தித்தவர் சிலரே. அவர் பூகர்ப்ப சாஸ்திரியாதலின், இக்கல் எங்கிருந்து வந்தது என்று கேட்டார். ஐரோப்பாவில் கருவிகள் சக்கிமுக்கிக் கல்லாலானவை. இந்நாட்டிலோ குவார்ட்ஸைட்டால் ஆனவை. அக்கல் கடப்பை மலைகளிலிருந்து பண்டை வெள்ளங்களால் உருட்டிக் கொணரப்பட்டு, சென்னைக்கு வடமேற்கேயுள்ள சத்தியவேடு, அல்லிக்குழி முதலிய குன்றுகளில் உருளைக்கல் அடுக்குகளாகத் தங்கியிருப்பதை அவர் கண்டார். கற்கால மனிதன் அவ்வுருளைக்கற்கள் கைக்கெட்டும் இடங்களையே நாடி வாழ்ந்தான் என்பதும், அக்கல் அருகிய தெற்குப் பிரதேசங்களில் அவன் அடையாளம் அருகுகின்றது என்பதும் இதனால் விளங்கின. ஊர் அமைவதற்கு நீரும் நிலமும் காரணம் என்று நாம் படித்திருக்கிறோம். அக்காலத்தில் கல்லும் ஒரு காரணமாயிருந்தது.

அவர் கூறியன யாவும் நிலைத்துவிடவில்லை. கரையோரத்துச் செம்பூராங்கல் அடுக்குகள் கடலின் கீழ்ப் படிந்தவை என்று அவர் எண்ணினார். பிற்காலத்து ஆராய்ச்சியாளர் இதனை ஒப்பவில்லை. அச்சரளைகள் ஆறுகளாலும் மழைநீராலும் கொணரப்பட்டவை என்று காட்டினர். அதனால் அவர் பெருமைக்குக் குறைவில்லை. எந்தக் குழியில், எந்த அடுக்கில், எத்தனை அடி ஆழத்தில் எது கிடைத்ததென்று அவர் எழுதிவைத்த குறிப்புகள் நேர்மையானவை. ஆதலின் அவருடைய முடிவைத் தள்ளுவோரும் அவருடைய குறிப்புகளைக் கொண்டே தள்ள நேர்ந்தது.

நிற்க. துரையவர்களுக்கும் தமிழுக்கும் உள்ள உறவு கல்லோடு முடிந்ததன்று. அவர் மணந்தது பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் குமாரத்தியை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் சங்கத்தில் இருந்து, ஆறுமுக நாவலரைத் துணைக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர் இப்பெர்சிவலே. பின்னர்ச் சென்னையில் தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை 1855-இல் தொடங்கி நடத்தியவரும், ஆயிரக்கணக்கான தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி 1874-இல் பெரும்புத்தகமாக வெளியிட்டவரும் அவரே. மாமனார் பழமொழி பொறுக்கினார். மருமகனார் பழங்கல் பொறுக்கினார். இருவரும் தம் கடைசிக் காலத்திற்குத் தேடிய இடம் சேலம் ஜில்லாச் சேர்வராயன் மலையிலுள்ள ஏற்காடு.

உத்தியோக முறையில் அவர் சென்ற இடங்களையெல்லாம் எழுதின் ஏடு கொள்ளாது. நெல்லூர், மதுரை, திருநெல்வேலி, தென் மராட்டிய நாடு, பல்லாரி ஆகிய பகுதிகளின் பாறை அமைப்பைப் பற்றி அவர் எழுதிய பெரும் அறிக்கைகள் உள்ளன. தார்வார்ப் பாறைத் தொகுதி என்று இன்றும் பூகர்ப்ப நூல்களில் வழங்கும் பெயர் அவர் இட்டதே. கோகாக் தாலுகாவில் மறைந்துபோன காண்டாமிருக இனம் ஒன்றன் எலும்புகளைக் கண்டு 1874-இல் அதற்குப் பெயர் சூட்டினார். திருநெல்வேலிச் சீமையில் சாயர்புரத்தருகே செந்நிறத் தேரிமணலில் சின்னஞ்சிறு கற்சில்லுக் கருவிகளைக் கண்டெடுத்தார். விரல்நக அளவேயுள்ள அக்கருவிகளை மரத்திலோ எலும்பிலோ பதித்து அம்பாகவும் கத்தியாகவும் வழங்கினர் பண்டையோர். தேரிப் பனங்காட்டில் நடந்து பழகிய நம் திருநெல்வேலி அன்பர்கள், தம் காலடியில் இவை கிடந்தமையை அறிந்தால் வியப்பர்.

ஆயினும் அவர் உள்ளம் மிகவும் படிந்தது பல்லாரி ஜில்லாவிலே என்று கருதுகிறோம். அங்கே கருங்கற் குன்றுகள் கோட்டைபோல் அடுக்கடுக்காய் எழுந்து நிற்கும். அவற்றின் சரிவுகளிலும் மேல்தளங்களிலும் மெருகிட்ட கற்கோடரிகள், அம்மிகள், அரைக்கும் குழிகள், கையால் வனைந்த மட்பாண்டத் துண்டுகள் ஆகியவை குவியல் குவியலாகக் கிடைத்தன. இவை புதிய கற்காலத்தார் விட்டுப்போனவை. சங்கனகல்லுக்கும் கப்கல்லுக்கும் இடைப்பட்ட குன்றிலே, பாறையைப் பிளந்து செல்லும் கரிய கற்கோடு ஒன்றுண்டு. அக்கரிய கல்லை உடைத்து ஆயிரக்கணக்கான கோடரிகளைச் செய்த தொழிற்சாலையே அங்கு நடந்திருக்கின்றது. முடிந்த கோடரி, பாதி முடிந்தது, செய்யும்போதே உடைந்து எறியப்பட்டது என எல்லாம் ஓரிடத்தில் கிடந்தமையால், அத்தொழிலின் படிகளைத் துரையவர்கள் ஒழுங்காக அறிந்து எழுதினார். முதலில் பெருஞ்சில்லுகளைப் பெயர்த்து உருவாக்குதல், பின்னர் மேடுகளைக் கொத்திக் கொத்திச் சமனாக்குதல், அதன்பின் பாறைமீது நீரும் மணலும் இட்டுத் தேய்த்தல், ஈற்றில் மெருகிடுதல். கல்தச்சர் வீட்டு அன்பர் எவரேனும் இதனைப் படிப்பரேல் தம் பட்டறை முறையையே காண்பர்.

அந்த ஜில்லாவிலும் அதனை அடுத்த பகுதிகளிலும் பெரிய பெரிய சாம்பல்மேடுகள் உண்டு. சில மேடுகள் முப்பதடிக்கு மேலும் உயர்ந்தவை. இராட்சதர்களைச் சுட்டெரித்த சாம்பல் என்றும், முனிவர்கள் யாகம் செய்த இடம் என்றும் ஊரார் சொல்லிவந்தனர். ஆங்கிலேயருள்ளும் சிலர் எரிமலைக் கசடு என்றும், இரும்பு உருக்கிய கழிவு என்றும், போரில் மடிந்தாரை எரித்த இடம் என்றும் பலவாறு கூறினர். 1840-களில் நியூபோல்டு என்னும் படைத்தலைவர் இவற்றை வருணித்திருக்கிறார். பூட் துரை அச்சாம்பலைச் சோதிக்கச் செய்து, அது மாட்டுச்சாணம் எரிந்து இறுகியதென்று முடிவு செய்தார். மேட்டில் கலந்து கிடந்த கற்கோடரிகளையும் ஓடுகளையும் கொண்டு இவை புதிய கற்காலத்தார் காரியமே என்றும் கண்டார். அக்காலத்தில் இதனை ஒப்புவோர் குறைவாயிருந்தனர். பல ஆண்டு கழிந்து, 1957-இல் உட்னூரில் அகழ்ந்த ஆல்சின் என்னும் ஆராய்ச்சியாளர், மாட்டுப்பட்டியைச் சுற்றி நட்ட மரக்கம்ப வேலியின் குழிகளையும், சாணத்தில் பதிந்திருந்த மாட்டுக் குளம்பின் அடிச்சுவடுகளையுமே கண்டு, துரையவர்கள் கூறியது மெய்யென நிறுவினார். ஐயாயிரம் ஆண்டுகட்கு முன்னிருந்து தக்ஷிணத்தில் ஆநிரை காத்து, பட்டியில் சேர்ந்த சாணத்தைக் காலந்தோறும் எரித்து வாழ்ந்த மக்கள் அவர்கள். பொங்கல் நாளுக்கு முன்னாள் பழையன எரிக்கும் வழக்கத்தை இதனோடு முடிச்சிட்டு எழுதுவாரும் உளர். அதற்குத் தக்க சான்றில்லை என்பது எம் கருத்து.

இனிக் கர்நூல் குகைகள். சென்னைக் கவர்னராயிருந்த கிராண்ட் டஃப் துரைக்கு, இங்கிலாந்தில் புகழ்பெற்ற ஹக்ஸ்லி என்னும் இயற்கை நூலறிஞர், அக்குகைகளில் ஆதிமனிதன் எலும்பு அகப்படக்கூடும் ஆதலின் தோண்டிப் பார்த்தல் நலம் என்று தெரிவித்தார். 1884-இல் பூட் துரை அவ்வேலையைத் தொடங்கினார். உத்தியோகக் காரியம் அழைத்தமையால், இராணுவத்தில் லெப்டினண்டாயிருந்த அவர் புதல்வர் ஹென்றி புரூஸ் பூட் என்பவர் அதனை ஏற்று நடத்தினார். பில்லா சுரங்கம் என்னும் குகையில் பல அடி ஆழத்துக்கு மண் அகற்றினர். காண்டாமிருகம் முதலாக அப்பிரதேசத்தில் இன்றில்லாத விலங்குகளின் எலும்புகள் பலவும், அவற்றோடு மனிதன் செதுக்கியனவாகத் தோன்றிய எலும்புக் கருவிகளும் கிடைத்தன. ஆதிமனிதன் எலும்பு மட்டும் அகப்படவில்லை. அதனினும் வருந்தத்தக்கது யாதெனில், அவ்வெலும்புக் கருவிகள் பின்னர்க் காணாமற் போயின. அரிதிற் கண்ட பொருள் இல்லாமற் போகவே, அவை உண்மையில் கருவிகள்தாமா என்று பிற்காலத்தார் ஐயுற இடமாயிற்று. அவ்வையம் தீர நெடுங்காலம் சென்றது. 1970-களில் மூர்த்தி என்னும் அறிஞர் அப்பகுதியிலேயே முச்சட்ல சிந்தமானு கவி என்ற குகையில் அகழ்ந்து, கற்கருவிகளோடு எலும்புக் கருவிகளும் இருக்கக் கண்டார். தந்தையும் மகனும் பட்ட பாடு அதன்பின்னரே பயன்பட்டது எனலாம்.

1891-இல் துரையவர்கள் சர்க்கார் உத்தியோகத்தினின்று விலகினார். ஓய்வு பெற்றோர் பலர் சீமைக்குக் கப்பலேற, இவர் பரோடா சமஸ்தானத்தில் கெய்க்வாட் மகாராஜாவிடம் பூகர்ப்ப ஆராய்ச்சியாளராய் அமர்ந்தார். பின்னர் மைசூர் சமஸ்தானத்திலும் அவ்வேலையையே செய்தார். கூர்ஜரத்தில் சபர்மதி ஆற்றங்கரையில் 1893-இல் அவர் கண்டதொன்று அவர் உள்ளத்தை வாட்டியது. ஆற்றின் செங்குத்தான கரையில் அடியில் உள்ள சரளையில் பழைய கற்காலக் கருவிகள். அதன்மேல் இருநூறடி அளவிற்கு வண்டலும் காற்றடித்துக் குவித்த மண்ணும். அதற்கும் மேலேதான் பிற்காலத்தார் அடையாளங்கள். இடையே மனிதனே இல்லை. பழைய கற்கால மனிதன் அடியோடு அழிந்தானோ, பெயர்ந்து போனானோ, மெருகிட்ட கோடரியுடையோர் வேறெங்கிருந்தோ வந்தனரோ என்று அவர் ஆராய்ந்தார். இவ்விடைவெளி மெய்யே என்று அவர் நம்பினார். அவ்விடைவெளியை நிரப்பும் வேலை அவர்க்குப் பின்வந்த இந்திய அறிஞர்களுடையதாயிற்று. 1941-இல் சங்காலியா அவர்கள் கூர்ஜரத்திற்குச் சென்று தொடங்கிய தேடலால் லாங்க்னாஜ் முதலிய இடங்களில் சிறு கற்கருவிக் காலத்து மக்கள் வாழ்ந்த அடையாளங்கள் வெளிப்பட்டன. துரையவர்கள் தேரியில் கண்ட சிறு சில்லுகள் இவ்விடைக்காலத்தைச் சார்ந்தனவே; கையில் விடையை வைத்துக்கொண்டே அவர் வினவியிருந்தார்.

கற்காலத்தோடு அவர் நின்றாரல்லர். முதுமக்கட்டாழி, கற்குவை, கல்வட்டம் என்பவற்றில் கிடைக்கும் இரும்புக்காலப் பொருள்களையும் அவர் சேர்த்தார். ஐரோப்பாவில் கல்லுக்குப்பின் வெண்கலம், வெண்கலத்துக்குப்பின் இரும்பு என்பது முறை. தென்னாட்டிலோ கல்லிலிருந்து மனிதன் இரும்புக்குச் சென்றதாகவே பொருள்கள் காட்டுகின்றன என்பது அவர் கொண்ட கருத்து. இதுகாறும் கிடைத்த சான்றுகள் பெரும்பாலும் அதற்கே இயைந்தன. மயிலாடும்பாறையில் கிடைத்த மாதிரி ஒன்றின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. சிவகளையில் கிடைத்தவற்றிற்கு அதனினும் முந்திய காலம் 2025-இல் வெளியிடப்பட்டது. அவர் முதற் கல்லெடுத்த பல்லாவரத்திலேயே, 1880-களின் பிற்பகுதியில் அலெக்சாண்டர் ரீ என்பவர் கால்கள் பொருந்திய சுடுமண் ஈமப்பேழைகளைத் தோண்டியெடுத்தார். அப்பல்லாவரத்திலேதான் மகேந்திரவர்மப் பல்லவன் குடைவித்த குகையும் அவன் விருதுப் பெயர்களைப் பொறித்த சாசனமும் உள்ளன. கைக்கோடரி, ஈமப்பேழை, பல்லவ எழுத்து மூன்றையும் ஓரூரே தன் நிலத்தில் வைத்திருந்தது.

நாற்பது ஆண்டுகளாக அவர் சேர்த்த பொருள்கள் நாலாயிரத்துக்கு மேற்பட்டவை. அவை நானூற்றுக்கு மேற்பட்ட இடங்களிற் கிடைத்தவை. 1904-இல் சென்னைப் பொருட்காட்சிச் சாலை அத்தொகுதியை விலைக்கு வாங்கியது. அது கடல் கடந்து போகாமல் இங்கேயே தங்கியமை நம் நாட்டாரின் நல்லூழே. ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கமிட்டு, கிடைத்த இடமும் தன்மையும் எழுதி ஒரு விளக்க அட்டவணை செய்வதே துரையவர்களின் முதுமைக்கால வேலையாயிற்று. ஏற்காட்டில் தமது இல்லத்தில் அமர்ந்து, எழுபது பிராயம் கடந்தும் அதனைத் திருத்தித் திருத்தி எழுதினார். அம்மலையிலும் மெருகிட்ட கோடரிகள் உண்டு. உழும்போதும் குழி தோண்டும்போதும் அகப்பட்ட அவற்றை மலைவாழ் மக்கள் மரத்தடிப் பிள்ளையார் அருகே வைத்து வழிபட்டு வந்தனர். இன்னதென்று அறியாதபோதும், பழமையானதென்றும் கையால் ஆனதென்றும் அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.

இங்கு நம் அங்கத்தினர்க்கு ஒரு விண்ணப்பம். குலவரலாறு எழுதும் அன்பர் சிலர், அத்திரம்பாக்கத்துக் கருவிகளைக் காட்டித் தம் முன்னோர் அவற்றைச் செய்தனர் என்று எழுதி எமக்கு அனுப்புகின்றனர். அவ்வூரில் சாந்தி பப்பு அம்மையாரும் அவர் குழுவினரும் 1999 முதல் பல ஆண்டுகள் அகழ்ந்து, ஆழத்திலுள்ள களிமண் அடுக்கின் கைக்கோடரிகள் பதினைந்து லட்சம் ஆண்டுப் பழமையுடையன என்று 2011-இல் வெளியிட்டனர். மேலடுக்குக் கருவிகளில் ஒரு புதுமுறை ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகட்கு முன்னரே தோன்றியமையை 2018-இல் காட்டினர். நம்மைப் போன்ற மனிதவினம் தோன்றி மூன்று லட்சம் ஆண்டளவே ஆயிற்றென்பது இன்றைய சாஸ்திரிகள் கணக்கு. ஆகவே அந்தக் கைக்கோடரியைச் செய்த கை தமிழன் கையுமன்று, ஆரியன் கையுமன்று. நம் இனத்து மனிதன் கையுமன்று. அவர்கள் பேசினரோ, என்ன பேசினரோ, கல் சொல்லவில்லை. இக்காரணத்தால் அத்தகைய கட்டுரைகளை இப்பத்திரத்தில் வெளியிட இயலாமைக்கு அன்பர்கள் பொறுத்தருள்க. தம் ஊர்ப்புறத்து ஓடைக்கரையிலோ, குளம் வெட்டிய மண்ணிலோ இத்தகைய கற்கள் காணின், எடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளாது, கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்லியல் துறையார்க்கு எழுதுவாராயின் அது பேருபகாரம். பல்லாவரத்துக் கல்லுக்கு நேர்ந்த ஐயம் யாதென்று மேலே கூறினோம். இடம் பெயர்ந்த கல் பாதிச் சாட்சியையே சொல்லும்.

பூட் துரையவர்கள் 1912-ஆம் ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி, தமது எழுபத்தெட்டாம் பிராயத்தில், கல்கத்தாவில் காலமானார். விளக்க அட்டவணை அச்சேறக் காணும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. அது 1914-இல் சென்னையில் வெளிவந்தது. பொருள்களின் காலத்தையும் பரப்பையும் பற்றி அவர் எழுதிய குறிப்புகள் 1916-இல் வேறொரு புத்தகமாக வெளிவந்தன. அவர் அஸ்தி ஏற்காட்டிற்குக் கொணரப்பட்டு, மாமனார் பெர்சிவல் பாதிரியார் அடங்கிய திருச்சபையிலேயே வைக்கப்பட்டது. மலைக்குச் செல்லும் நம் அன்பர்கள் ஏரியைச் சுற்றிவிட்டுத் திரும்பும் வழியில் அத்திருச்சபையையும் காணலாம்.